ஈற்றெழுத்தும் ஒரு சீன மாணவியும்

பிறமொழி கற்பவன் இருமுறை நாண நேர்கிறது. சொல்லவேண்டிய சொல் தெரியாதபோது ஒருமுறை. சொல் தெரிந்தும் நா அதனை ஒலிக்க மறுக்கும்போது மற்றொருமுறை. முதல் நாணத்தை அகராதி போக்கிவிடும். இரண்டாவது நாணம் அவ்வளவு எளிதில் போவதன்று. தன் கருத்தைப் பத்துப் பக்கம் பிழையின்றி எழுத வல்லவனாயினும், வாய் திறந்த அளவில் எதிரில் இருப்பவர் இதழோரத்தில் சிரிப்பு அரும்பக் கண்டால், கற்றதெல்லாம் அந்தக் கணத்தில் அவனைக் கைவிட்டுவிடுகிறது. தில்லியில் வாழும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உணவைக் குறிக்கும் இந்திச் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் இந்திச் சொல்லையும் நாம் தமிழெழுத்தில் 'கானா' என்று ஒன்றாகவே எழுதுகிறோம். ஒன்றாகவே ஒலிக்கவும் முற்படுகிறோம். பசியோடு சென்று பாட்டுக் கேட்ட தமிழரைப் பற்றி நம்மவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

நம்மைக் காட்டிலும் பெருந்தொகையினர் இதே இடர்ப்பாட்டில் உழல்கின்றனர் என்பதனைச் சீன நாட்டு மாணவி ஒருத்தியின் வாயிலாக நான் அறிந்தேன். அவளோடு பழகிய மூன்றாண்டுகளில் நான் கண்டவற்றையும், அதன் பொருட்டுப் படித்தவற்றையும் இங்கே எழுத விழைகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவன். 2017-ஆம் ஆண்டு, தென் தில்லியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில், 'பர்சாத்தி' என்று இந்நகரில் வழங்கும் ஒற்றை அறைக்கு அம்மாணவி குடிவந்தாள். சிச்சுவான் மாநிலத்துச் செங்டு நகரத்தவள். 1924-ஆம் ஆண்டு தாகூர் சீனத்திற்குச் சென்ற பயணத்தைப் பற்றிப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்துவந்தாள். அவள் எழுதிய கட்டுரையொன்றை என் மனைவியிடம் காட்டியபோது நானும் படித்தேன். நாள்தோறும் குறிப்புரைகளும் வரைவுகளும் கண்டு சலித்த என் கண்ணுக்கு அவ்வாங்கிலம் தெளிந்த நீரோடை போல் இருந்தது. ஆனால் அதே பெண், வாயிலில் வரும் காய்கறி வண்டிக்காரரிடம் விரலால் சுட்டிக்காட்டித்தான் வாங்குவாள், பேசமாட்டாள்.

காரணம் பின்னர்த் தெரிந்தது. துறைக் கருத்தரங்கில் அவள் முதன்முறை பேசியபோது, 'நீ சொல்வது கவிஞனையா, கவிதையையா?' என்று ஒருவர் கேட்டாராம். 'போயட்' என்பதற்கும் 'போயம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ஈற்றெழுத்தில் அடங்கியிருக்கிறது. அவள் வாயில் அந்த ஈற்றெழுத்து மறைந்துபோயிற்று. பின்வரிசையில் சிலர் சிரித்தனர். அன்றுமுதல் அந்தப் பருவம் முடியுமட்டும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் துறையினர் அனைவர் முன்னிலையிலும் பேசியாக வேண்டும் என்பது விதி. எழுத்தில் சிறந்தவள், பேச்சின் பொருட்டு ஆய்வையே கைவிட்டு ஊர் திரும்பலாமா என்று எண்ணும் நிலைக்கு வந்திருந்தாள்.

இது அவளொருத்தியின் குறையன்று. பண்பாட்டுப் புரட்சிக்குப்பின் 1977-இல் சீனத்தில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் தொடங்கியது முதல் அங்கே ஆங்கில ஆர்வம் பெருகிற்று. 1982-இல் பி.பி.சி.யின் 'ஃபாலோ மீ' என்னும் ஆங்கிலப் பாடத் தொடரை அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது மக்கள் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்து பயின்றனர். 2001-இல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கக் கல்வி அமைச்சகம் வழிவகுத்தது. எனினும் தேர்வுகள் பெரும்பாலும் எழுத்தையும் இலக்கணத்தையுமே அளந்தன. கண்ணுக்குப் பழகிய மொழி நாவுக்குப் பழகவில்லை. 'ஊமை ஆங்கிலம்' என்று சீனரே இதற்குப் பெயரிட்டு நொந்துகொண்டனர். 1990-களில் லீ யாங் என்பவர் பெரிய திடல்களில் மாணவர்களைத் திரட்டி, உரத்த குரலில் ஆங்கில வாக்கியங்களைக் கத்தச் செய்து பெயர் பெற்றார். 'பித்து ஆங்கிலம்' என்பதே அம்முறையின் பெயர். கூச்சத்தைக் கத்தித் தீர்ப்பது அதன் நோக்கம். கூச்சம் தீரலாம், ஆனால் ஈற்றெழுத்து கத்துவதால் மட்டும் வந்துவிடுமா?

அது வராமைக்குக் காரணம் சீன மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்நாட்டின் பொதுமொழியில் ஓர் அசையின் முதலில் ஒரு மெய் வரும். இறுதியில் னகரம் போன்றதொரு மெல்லொலியோ, 'சங்கு' என்னும் சொல்லில் ககரத்துக்கு முன் நாம் ஒலிக்கும் ஙகரமோதான் வரும். நாவை மடித்து ஒலிக்கும் ஓர் ஒலியும் ஒரோவழி உண்டு. வேறு மெய் ஈற்றில் நில்லாது. ஆங்கிலமோ 'ஸ்ட்ராங்' என்னும் சொல்லில் முதலிலேயே மூன்று மெய்களை அடுக்கும். 'டெக்ஸ்ட்ஸ்' என்னும் சொல்லில் இறுதியில் நான்கு மெய்களை அடுக்கும். இதனைக் கண்ட சீன நா இரண்டில் ஒன்றைச் செய்கிறது: கூடுதல் மெய்யை விழுங்குகிறது, அல்லது இடையிடையே உயிரைச் செருகுகிறது. மார்க்ஸ் என்னும் பெயர் சீனத்தில் 'மா-க-ஸு' என்பது போல் மூன்றசையாகும். ஸ்மித் என்பது 'ஷி-மி-ஸு' என்பது போலாகும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசையாக உள்ள மொழியில் வேறு வழியில்லை.

இதனைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. தமிழிலும் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வாராது என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. அதனால்தான் 'பஸ்' நம் வாயில் 'பஸ்ஸு' ஆகிறது. 'ரோட்' என்பது 'ரோடு' ஆகிறது. சீனர் செருகும் உயிரும் நாம் சேர்க்கும் உகரமும் ஒரே நோய்க்கு இரு வீட்டாரும் கண்ட கைவைத்தியம் எனலாம்.

அவளுக்கும் எனக்கும் இப்பேச்சு தொடங்கியது என் மகளால். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மகள் லகர, ளகர, ழகரங்களை உரக்கச் சொல்லிப் பழகுவாள். ஒருநாள் படியிறங்கிவந்த அம்மாணவி நின்று கேட்டாள். 'அங்கிள், இம்மூன்றும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. இக்குழந்தைக்கு எப்படி வேறாகத் தெரிகின்றன?' என்றாள். அவள் வினா என்னைச் சிந்திக்க வைத்தது. நான் பி.ஏ. பயின்றது தமிழிலக்கியம். எழுத்ததிகாரத்துப் பிறப்பியலை எடுத்து அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களைக் கூறி, எந்த ஒலிக்கு நாவின் நுனி எங்கே பொருந்தும், விளிம்பு எங்கே தடவும் என்று தொல்காப்பியர் வகுத்திருப்பதைக் கேட்டு அவள் வியந்தாள். 'எங்கள் ஆசிரியர்கள் திரும்பச் சொல் என்றுதான் சொன்னார்கள்; நாவை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை' என்றாள்.

அன்று வேறொரு வியப்பும் நேர்ந்தது. லகர ளகரங்களில் தடுமாறியவள், ழகரத்தை இரண்டாம் முறையே ஏறக்குறைய சரியாக ஒலித்தாள். என் மகள் வாய்பிளந்து நின்றாள். சீனப் பொதுமொழியில் இரண்டு என்னும் எண்ணின் பெயர் நாவை மேல்நோக்கி மடித்து ஒலிக்கப்படுவது. அதன் முடிவில் நம் ழகரத்துக்கு மிக அணித்தான ஒலி இருக்கிறது. சீன வானொலி 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய பின், சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப்பெயர் சூடிக்கொண்டு பேசியதைச் சிற்றலையில் கேட்டு மகிழ்ந்த பெரியோர் இவ்விதழைப் படிப்போருள் இருக்கக்கூடும். நம்மவர் பலர்க்கே வாராத ழகரம் ஒரு சீனப் பெண்ணுக்குப் பிறவியிலேயே கைவந்திருக்கிறது! எந்த நாவும் ஏழை நாவன்று. ஒவ்வொன்றும் தன் ஊரின் செல்வத்தைச் சுமந்தே வருகிறது.

அதுமுதல் ஞாயிறு மாலைகளில் ஒருமணி நேரம் பழகினோம். ஒன்றைச் சொல்லவேண்டும்: என் ஆங்கிலம் காவிரிக்கரை ஆங்கிலம், இலண்டன் ஆங்கிலமன்று. ஆகவே ஒலிக்குப் பேச்சொலி உள்ள அகராதியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டோம். நாவின் இடத்துக்கு மட்டுமே நான் துணை.

முதலில் அவளுக்கே உரிய ஓரிடர். செங்டு நகரத்துப் பேச்சில் னகரமும் லகரமும் பல இடங்களில் கலந்துவிடும். அதனால் இரவைக் குறிக்கும் 'நைட்' என்பதும் விளக்கைக் குறிக்கும் 'லைட்' என்பதும் அவளுக்கு ஒன்றே. இதற்காக அவள் ஆங்கிலத்தில் மட்டுமன்று, பெய்ஜிங்கில் பயின்றபோது சொந்த மொழியிலேயே நகைக்கப்பட்டவள். பசும்பால் என்று பொருள்படும் 'நியூநாய்' என்ற சொல்லை அவள் ஊரார் 'நியூலாய்' என்பர். அதனைச் சொல்லச்சொல்லித் தோழியர் விளையாடுவார்களாம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மூக்கை விரல்களால் பொத்திக்கொண்டு ஒலித்தால் மெல்லினம் நின்றுபோகும். மூச்சு மூக்கின்வழி செல்வதால் அடைபடும். லகரம் தடையின்றி நீளும். பத்து நாள் மூக்கைப் பொத்திப் பழகியபின் செவி முதலில் பிரித்தறிந்தது; நா பின்தொடர்ந்தது.

அடுத்து மூச்சின் வேறுபாடு. சீனத்தில் இருவகைப் பகரம் உண்டு. மூச்சு வெடித்து வருவது ஒன்று, வாராதது ஒன்று. இதழுக்கு முன் ஒரு தாள்துண்டைப் பிடித்து ஒலித்தால், முதலாவதற்குத் தாள் துள்ளும். ஆங்கிலத்தில் எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' என்னும் சொல்லின் முதலெழுத்து மூச்சோடு வருவதே. ஆகவே இச்சொல்லை அவள் சொன்னபோது தாள் துள்ளிற்று. நான் சொன்னபோது அசையவில்லை. நம் பகரத்தைக் கேட்ட ஆங்கிலேயர் 'பென்' என்னும் ஆட்பெயராகவே கொள்ளக்கூடும். என் மகள் கைகொட்டிச் சிரித்தாள். அம்மாணவி தில்லிக்கு வந்தபின் ஆங்கிலத்தின் பொருட்டு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஈற்றெழுத்து. பையைக் குறிக்கும் சொல்லையும் முதுகைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பேக்' என்றே எழுதுவோம். இரண்டுக்கும் வேறுபாடு ஈற்று மெய்யில் மட்டுமன்று. அதற்குமுன் நிற்கும் உயிரின் அளவிலும் இருக்கிறது. பையில் உயிர் நீளும், முதுகில் குறுகும். ஈற்று மெய்யை எட்டிப்பிடிக்க இயலாத நாவுக்கு, உயிரின் மாத்திரையை மாற்று என்று சொல்வது எளிய வழி. குறில் நெடில் அறிந்த நமக்கு இது பழகிய கணக்கு. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' ஆகியவற்றில் சீனர் இடறுவதும் மாத்திரை வேறுபாடு அவர்கள் மொழியில் பொருள் வேறுபாடு செய்யாமையால்தான்.

இரண்டாவது வழி இன்னும் பயன் தந்தது. நம் புணர்ச்சியில் மெய்யீற்றின்மேல் வருமொழி உயிர் ஏறிக்கொள்ளும் அன்றோ? ஆங்கிலப் பேச்சிலும் அவ்வாறே. 'பிக் இட் அப்' என்னும் மூன்று சொற்களும் ஓட்டத்தில் 'பி-கி-டப்' என்றாகின்றன. ஈற்றில் நிற்க இயலாத மெய், அடுத்த அசையின் முதலெழுத்தாக மாறும்போது சீன நா அதனைத் தயக்கமின்றி ஏற்கிறது. முதலெழுத்துத்தான் அதற்குப் பழகியதாயிற்றே! 'போயட் இன் சைனா' என்பதை 'போயடின்' என்றும், 'போயம் இன் சைனா' என்பதைப் 'போயமின்' என்றும் சேர்த்துச் சொல்லப் பழகினாள். ஓராண்டு அவள் வாயை அடைத்திருந்த பூட்டு அவ்வாறு திறந்தது.

உலகைக் குறிக்கும் 'வேர்ல்ட்' என்ற சொல்தான் கடைசிவரை வாட்டியது. மூன்று மெய்கள் அடுத்தடுத்து நா இடம்மாறி நிற்க வேண்டிய சொல் அது. விசுவபாரதியை நிறுவிய தாகூரைப் பற்றி உலகம் என்ற சொல் இன்றி எப்படிப் பேசுவது? 'வேர்' என்று நிறுத்தி, மூச்சுவிட்டு, 'ல்ட்' என்று தனியே சொல்லி, இடைவெளியை நாள்தோறும் குறைத்துக்கொண்டு வந்தாள்.

எல்லாவற்றிலும் அரியது அழுத்தம். சீனத்தில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. பொதுமொழியில் தொனி நான்கு. தொனி மாறினால் பொருள் மாறும். ஆதலால் ஒவ்வோர் அசையையும் மதிப்போடு ஒலிப்பது அவர்கள் வழக்கம். ஆங்கிலமோ ஓரசையை உயர்த்தி மற்றவற்றை மங்கச் செய்வது. பதின்மூன்றைக் குறிக்கும் 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பின்னசையில். முப்பதைக் குறிக்கும் 'தர்ட்டி' என்பதில் முன்னசையில். அழுத்தம் பிறழ்ந்தால் ஆண்டுக்கணக்கே பிறழும். கோப்புகளைக் கட்டும் ரப்பர் பட்டை போன்ற ஒன்றை இரு கைகளிலும் பிடித்து, அழுத்தம் விழும் அசையில் இழுத்தும் மற்ற அசைகளில் தளர்த்தியும் பழகினோம். பிறகு அவளே ஒரு பாலம் கண்டாள். சீனத்தில் அம்மாவை 'மாமா' என்பர். அதில் இரண்டாமசை தொனியின்றி மெலிந்து ஒலிக்கும். 'ஆங்கிலத்து அழுத்தமில்லா அசைகள் எல்லாம் என் அம்மாவின் இரண்டாமசை போன்றவை' என்றாள். எந்த நூலிலும் நான் காணாத விளக்கம் அது.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். இவ்வளவு பாடும் எதற்காக? ஆங்கிலேயரைப் போல் பேசுவதற்கா? அவளே ஒருநாள் கேட்டாள்: 'நான் யாருடைய ஆங்கிலத்தைப் பேசவேண்டும், அங்கிள்?' வங்கத்தார் ஒருவகையாகவும், இந்திப் பகுதியினர் 'இஸ்கூல்' என்றும், நாம் நம் வகையாகவும் பேசும் நகரம் இது. ஆகவே அவ்வினா நியாயமானது.

அறிஞர் ஆராய்ச்சி இதற்கு ஓரளவு விடை தருகிறது. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்னும் இருவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சீனப் பொதுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயத் தாய்மொழியாளர் கேட்டு எழுதினர். அயல்வாடை மிகுதி என்று கேட்டோர் மதிப்பிட்ட பேச்சும் பலவிடங்களில் முழுவதும் புரிந்திருந்தது. அயல்வாடை வேறு, புரியாமை வேறு என்பது அதனால் தெளிவாயிற்று. 2000-இல் ஜென்னிஃபர் ஜென்கின்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், பல நாட்டினர் ஆங்கிலத்தில் உரையாடும்போது எவ்வொலிகள் இன்றியமையாதவை என்று வகுத்தார். உயிரின் நீட்டக்குறுக்கம், சொல்முதல் மெய்ம்மயக்கம், வாக்கியத்தின் முதன்மை அழுத்தம் ஆகியவை வேண்டும் என்றார். நாநுனியைப் பற்களிடையே நீட்டி ஒலிக்கும் அந்த ஆங்கில ஒலி வாராவிடினும் கேடில்லை என்றார். சீன மாணவர் கண்ணாடிமுன் நின்று மிகுதியாக வருந்திப் பழகுவது அவ்வொலியைத்தான்! நாங்கள் அதனை விட்டுவிட்டோம். எண்ணுதலைக் குறிக்கும் 'திங்க்' அவள் வாயில் 'ஸிங்க்' என்றே நின்றது. கேட்டோர்க்கு இடர் நேர்ந்ததில்லை.

2019 அக்டோபரில் அவள் துறையினர் முன் பேசினாள். நாற்பது நிமிடம். சிச்சுவான் வாடை வீசாமலில்லை. ஆனால் கேட்ட வினாக்கள் யாவும் தாகூரைப் பற்றியும், அவர் உரைகளைச் சீனத்தில் பெயர்த்த கவிஞர் ஷூ சிமோவைப் பற்றியும், எதிர்த்த மாணவர்களைப் பற்றியுமே இருந்தன என்று வந்து சொன்னாள். அவள் உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதுவே அவள் விரும்பிய பரிசு. 2020 சனவரியில் வசந்த விழாவுக்காக ஊர் சென்றாள். பெருந்தொற்று வந்தது, வழிகள் அடைபட்டன, அவள் திரும்பவில்லை. ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு 2021-இல் கணினித்திரை வாயிலாகவே நடந்தது. அறுந்தறுந்து வரும் குரலில் ஈற்றெழுத்துகள்தாம் முதலில் உதிரும். எனினும் அவள் தேறினாள்.

இவ்வனுபவத்தால் நான் தெளிந்தது இது. பொருள் எங்கே கெடுகிறதோ அங்கே நாவைத் திருத்தவேண்டும். கெடாத இடத்தில் பிறந்த மண்ணின் வாசனையை விட்டுவைக்கலாம். ஆனால் உழைப்பெல்லாம் பேசுவோர்க்கே என்று விட்டுவிடுவது நேர்மையாகாது. ஒரு சீனப் பெயரைச் செம்மையாக ஒலிக்க நம்மில் எத்தனை பேர் முயன்றிருக்கிறோம்? என் மகள் அம்மாணவியின் பெயரை அதற்குரிய தொனியோடு சொல்ல மூன்று வாரம் பழகினாள். அவள் சரியாக அழைத்த அன்று அந்தப் பெண் மாடிப்படியில் நின்று, 'இந்த ஊரில் என்னை என் பெயரால் முதலில் அழைத்தவள் நீதான்' என்றாள். நாவுக்குப் பயிற்சி வேண்டும், செவிக்கும் வேண்டும். செவிப்பயிற்சிக்குப் பொறுமை ஒன்றே போதும். தலைநகரில் பல மொழியினரிடையே வாழும் நாம் அதனைப் பிறர்க்கு வழங்கத் தயங்கலாகாது.